பலாவேர் நிழல்

எங்கள் பக்கத்தில் பலா மரத்தை யாரும் மனசார வெட்டமாட்டார்கள், அய்யா. முந்திரியை வெட்டுவோம், வேம்பை வெட்டுவோம். பலாவுக்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவோம். போன டிசம்பர் முப்பதாம் தேதி 'தானே' என்கிற புயல் வந்தபோது எங்களுக்கு அந்தச் சங்கடமே இல்லாமல் போய்விட்டது. விடியற்காலையில் அடிக்க ஆரம்பித்தது. அடித்து ஓய்ந்தபோது அண்ணாகிராமம் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற மரம் என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை என்று மாஜிஸ்திரேட் அய்யா நீங்கள் இரண்டு தரம் சொல்லிவிட்டீர்கள். போலீஸ்காரர்கள் அடித்தார்களா என்றும் கேட்டீர்கள். யாரும் கை வைக்கவில்லை. சொல்லப்போனால் ஸ்டேஷனில் என்னை வீட்டுக்குப் போகத்தான் சொன்னார்கள். மணவாளன் பெயர் புயலில் செத்தவர்கள் பட்டியலில் ஏறிவிட்டதாம். மரம் விழுந்து செத்தவனை நான் கொன்றதாகச் சொன்னால் எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்பார்களாம். மூன்று நாள் நடந்தேன். நாலாம் நாள்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்து எழுதினார்கள். அது எனக்குப் பெரிய எரிச்சல்.

என் பெயர் கொளஞ்சி. வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. மணவாளன் எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. அவன் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவன். அவன் தலைவர் என்றால், அந்தத் தலைவருக்கு வேண்டிய எல்லாமும் நான். மனு எழுதுவது, மைக் பிடிப்பது, ஓட்டுக் கேட்பது, சண்டை வந்தால் முன்னால் நிற்பது எல்லாம் என் வேலை. இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மாசி மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் ஒரு சரித்திர நாடகம் போடுவோம். 'காடவர்கோன்' என்று பெயர். ராஜமாணிக்கம் வாத்தியார் எழுதியது. சரித்திரத்தில் இப்படி நடந்ததா சார் என்று அவரைக் கேட்டதற்கு, நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். கதை இதுதான். காடவ ராஜாவைச் சோழப் படை கோட்டைக்குள் வளைத்துக்கொள்ளும். தளபதி ராஜாவின் கிரீடத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வருவான். நான்தான் காடவன் என்று சொல்லிச் சண்டை போட்டுச் சாவான். ராஜாவும் ராணியும் தப்பித்துப் போவார்கள். மணவாளன் ராஜா, நான் தளபதி. தொண்ணூற்றாறில் ஆரம்பித்துப் போன வருஷம் வரைக்கும் பதினைந்து தரம் அவனுக்காகச் செத்திருக்கிறேன். நடுவில் ஒரு வருஷம் மட்டும் நாடகம் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மேடையில் செத்தவன் தானாக எழுந்திருக்கக் கூடாது. நாடகம் முடிந்து, விடிந்து, ராஜா வேஷக்காரன் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து அவனுடைய சொந்தப் பெயரை மூன்று தரம் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் எழுந்தால் சாவு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கூப்பிடுகிற வரைக்கும் எழுந்ததில்லை.

மணவாளன் மனைவி வினோதினியைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டதற்காகச் சொல்கிறேன். அவள் என் தாய்மாமன் மகள், புவனகிரிக்காரி. எனக்கு முறைப்பெண். சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் எனக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. பேச்சுத்தான், வேறொன்றும் இல்லை.

2004 மாசியில் நாடகத்துக்கு உடையும் நகையும் வாடகைக்கு எடுக்க நானும் மணவாளனும் சிதம்பரம் போனோம். கீழ வீதியில் ஒரு கடை. நான் வந்திருப்பது தெரிந்து அவள் பார்க்க வந்தாள். கடையில் கிரீடங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்து என் தலையில் வைத்தாள்.

"எப்பப் பாத்தாலும் சாவுற வேஷந்தானா மாமா? ஒரு நாளாவது ராஜா வேஷம் கட்டக்கூடாதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மஞ்சள் தாவணி. கையில் ஒரு நோட்டு. நோட்டின் அட்டை கிழிந்திருந்தது. இதெல்லாம் எதற்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்ததும் மணவாளன் கேட்டான்.

"மச்சான், அந்தப் பொண்ண எனக்குக் கேளேன்."

"கேக்குறேன்" என்றேன். அவ்வளவுதான். புவனகிரிக்கு நானே போனேன். "ஒனக்குன்னுதானேடா வச்சிருந்தோம்?" என்றார் மாமா. எனக்கு இப்போதைக்கு வேண்டாம், மணவாளன் தங்கமான ஆள் என்று ஒரு மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். நல்ல தளபதி என்றால் அப்படித்தான் செய்வான். அவள் கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வைகாசியில் கல்யாணம். மணமேடையில் என்னைப் பார்த்து, "அண்ணே, இந்த மாலையக் கொஞ்சம் வாங்கிக்குங்க" என்றாள். புருஷனுடைய கூட்டாளி அண்ணன்தானே. வாங்கிக்கொண்டேன்.

2006 உள்ளாட்சித் தேர்தலில் மணவாளனை எதிர்த்து நின்றவர் கீழத்தெரு திருநாவுக்கரசு. முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை வைத்திருப்பவர். மூன்று தலைமுறையாக இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது. ஓட்டுப் போடும் அன்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே தள்ளுமுள்ளு வந்தது. திருநாவுக்கரசின் தம்பிக்கு மண்டையில் அடி, ஒரு கண் போய்விட்டது. அடித்த தடி மணவாளனுடையது. கூட்டத்தில் யார் அடித்தது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அடித்தவன் நான் என்று நானே போய்ச் சொன்னேன். மணவாளன் ஜெயித்தான், பதவி ஏற்றான். நான் கடலூர் மத்தியச் சிறையில் பதினான்கு மாதம் இருந்தேன். தளபதி இல்லாததால் அந்த மாசியில் நாடகம் போடவில்லை. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பதினான்கு மாதத்தில் மணவாளன் நான்கு தரம் வந்து பார்த்தான். அவள் ஒரு தரம் வந்தாள். "எளச்சிட்டீங்கண்ணே" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். மாசியில் நாடகம் முடிந்து விடிகிற நேரம். சட்டசபைத் தேர்தல் சமயம். ஓட்டுக் கேட்டு யாரோ பெரிய ஆள் காரில் வந்து இறங்கினார். மணவாளன் ராஜா உடையோடு ஓடிப்போய்ச் சால்வை போட்டான். அப்படியே அவரோடு காரில் ஏறிப் போய்விட்டான். நான் மேடையில் செத்துக் கிடந்தேன். பந்தல்காரர்கள் வந்து கீற்றைப் பிரித்தார்கள். வெயில் முகத்தில் அடித்தது. பத்து மணி வாக்கில் நானே எழுந்து வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் அவனைப் பார்த்தபோது அதைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த அக்டோபரில் எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராகிவிட்டது. வினோதினியை நிறுத்தினான். நான்தான் தெருத்தெருவாக அழைத்துப் போனேன். நாற்பத்தோரு ஓட்டில் ஜெயித்தாள். மனைவி கையெழுத்துப் போடுவாள், புருஷன் நாற்காலியில் உட்காருவான், பக்கத்து ஊர்களிலெல்லாம் அதுதான் நடப்பு. இவள் முதல் நாளே நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். மணவாளன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். மனுக்களை நான் எடுத்துப் படிக்கப் போனேன். "நானே படிச்சிக்கிறேண்ணே, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றாள். ஒரு ராஜா பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தால் அவனுக்காக ஜெயிலுக்குப் போனவன் எங்கே போய் உட்காருவது? அதை யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு புயல். கரண்ட் கம்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. டேங்கில் தண்ணீர் ஏற்ற வேண்டுமென்றால் ஜெனரேட்டர் வேண்டும். ஊரில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் திருநாவுக்கரசு ஒருவர்தான். வினோதினி நேராக அவர் வீட்டுக்குப் போனாள். எங்கள் தெருவிலிருந்து அந்த வாசலை மிதித்தவர்கள் யாரும் கிடையாது. அவர் உடனே ஜெனரேட்டரைக் கொடுத்தார். இரண்டு தெருவுக்கும் தண்ணீர் வந்தது. மறுநாள் மணவாளனும் போனான். டீ குடித்தான். கண் போன தம்பி அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டானாம். ஊரே மூக்கில் விரல் வைத்தது. பொங்கலன்று இரண்டு தெருவும் ஒன்றாகப் பொங்கல் வைத்தது. எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டேன்.

மணவாளன் தோப்பில் அவன் தாத்தா வைத்த பலா ஒன்று விழுந்து கிடந்தது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரம். வேரோடு பெயர்ந்திருந்தது. வேரும் மண்ணுமாக ஒரு ஆள் உயரத்துக்கு மேல் சுவர் வைத்தது போல நின்றது. அதற்கு அடியில் பெரிய பள்ளம். ஜனவரி வெயில்தான், ஆனால் ஊரில் நிழலே இல்லை. எல்லாரும் அவரவர் தோப்பில் இந்த மாதிரி வேர் நிழலில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்படி உட்காரக் கூடாது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் இத்தனை மரம் விழுந்ததில்லை.

எனக்குத் தெரியும். மணவாளன் தோப்பில் வேலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் தெரு அமிர்தம் அக்காவின் கொல்லையில் ஒரு பலாவை அறுத்தேன். மிஷின் ரம்பம் வாடகைக்கு எடுத்து நானே கற்றுக்கொண்டிருந்தேன். அடியோரம் அறுத்து முடித்ததும், மரத்தின் கனம் விட்டுப்போய், வேர் மண்ணோடு அப்படியே பின்னால் சாய்ந்து பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. அடிமரம் நிமிர்ந்து நின்றது, விழாத மரம் மாதிரி. பள்ளத்தில் படுத்திருந்த அக்காவின் ஆடு உள்ளே போய்விட்டது. அக்காவும் நானும் மட்டும்தான் பார்த்தோம். மணவாளன் அன்றைக்கு நிவாரண விஷயமாகக் கடலூர் போயிருந்தான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சொல்லாததற்கு அப்போது ஒரு காரணமும் கிடையாது.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் மட்டும் தோப்புக்குப் போனோம். காலையில் கிளைகளைக் கழித்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பள்ளத்தில் நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கையும் தண்ணீர்க் குடத்தையும் காலையிலேயே அங்கே வைத்தவன் நான்தான், அது உண்மை. துண்டை விரித்ததும் நான்தான். வேறு நிழல் இல்லை என்று சொன்னேன் அல்லவா.

சாப்பிட்டுக்கொண்டே அவன் பேசினான்.

"மச்சான், இந்த வருசம் நாடகத்த விடக்கூடாது. ஊரே நொந்து போய்க் கெடக்கு. தளபதி வேசத்தத் திருநாவுக்கரசுக்குக் குடுத்துடலாம்னு பாக்குறேன். ரெண்டு தெருவும் ஒண்ணுன்னு சனங்களுக்குத் தெரியணும் பாரு. வினோதினிக்கும் அதான் யோசன."

"எனக்கு?" என்றேன்.

"நீ கட்டியங்காரனா வாயேன். சிரிப்பு வேசம். ஒனக்கும் வயசாவுது, சும்மா எத்தினி வாட்டி சாவுறது?"

கோபம் வரவில்லை. தம்பிக்குக் கண் போனது என்னவாயிற்று, நான் ஜெயிலில் இருந்தது என்னவாயிற்று என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவன் கையில் இருந்த சோற்றை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டுச் சொன்னான்.

"அட விடு மச்சான். அன்னிக்கு எதுக்கு அடிச்சிக்கிட்டோம்னே எனக்கு மறந்துடுச்சு."

அய்யா, நான் நியாயமாகத்தான் யோசித்தேன். ராஜாவுக்கு வீம்பு போய்விட்டால் அவன் ராஜா இல்லை. எதிரி வீட்டில் டீ குடித்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு, இன்னும் முப்பது வருஷம் அவன் இருப்பான். ஊர் அவனை அப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். தளபதி என்பவன் ராஜாவின் உயிரைக் காப்பாற்றுவான், சரி. உயிரைவிடப் பேர் பெரிது என்று வந்தால்? பதினைந்து வருஷம் அவனை ராஜாவாக வைத்திருந்தவன் நான். அவனை ராஜாவாகவே அனுப்பி வைக்க வேண்டியதும் என் கடமை. இப்போது சொன்னாலும் இது எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது.

கை கழுவினேன். நீ கொஞ்சம் சாய்ந்து படு, நான் அடிமரத்தை அறுத்துவிடுகிறேன் என்றேன். சரி மச்சான் என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். ரம்பத்தைக் கிளப்பினேன். பெரிய மரம், இருபது நிமிஷம் பிடித்தது. நடுவில் இரண்டு தரம் ரம்பத்தை நிறுத்தி எண்ணெய் விட்டேன். எழுந்திரு என்று சொல்ல அந்த இரண்டு தரமும் நேரம் இருந்தது. முடிவில் மரம் ஒரு முனகு முனகியது. வேர் மெதுவாகத்தான் சாய்ந்தது, சாய்ந்த பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டது. அடிமரம் எழுந்து நின்றது.

அடியிலிருந்து கொஞ்ச நேரம் அவன் சத்தம் கேட்டது. மண்வெட்டி பக்கத்தில்தான் சாத்தியிருந்தது. வேலை நடக்கிற சத்தம் நின்றுபோனால் பாதையில் போகிறவர்கள் எட்டிப்பார்ப்பார்கள் என்பதால் மரத்தைத் துண்டு போட ஆரம்பித்தேன். மூன்று துண்டு போட்ட பிறகு நிறுத்திக் கேட்டேன். சத்தம் இல்லை. குடத்தை அவனோடு விட்டுவிட்டேன், அதனால் கையில் தண்ணீர் இல்லை. சும்மா நின்று, மணவாளா, மணவாளா, மணவாளா என்று மூன்று தரம் கூப்பிட்டேன். எங்கள் வழக்கம் அது. அவன் என்னைக் கூப்பிட மறந்தவன்தான், நான் மறக்கவில்லை. பிறகு ஓடிப்போய் ஊரைக் கூட்டினேன்.

எல்லாரும் நம்பினார்கள். அழுகை நன்றாகவே வந்தது. திருநாவுக்கரசு தன் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தார். தாசில்தார் வந்தார், பட்டியலில் பெயர் ஏறியது. இதோடு முடிந்திருக்கும். நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். காரியம் முடித்தேன், மனு எழுதினேன், வீட்டுக்கு விறகு போட்டேன். ராஜா இல்லாவிட்டால் ராணியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார் பொறுப்பு? அவள் ஒவ்வொன்றுக்கும் ரொம்ப நன்றிண்ணே என்றாள்.

போன வாரம் பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டம். எல்லாரும் இருந்தார்கள். அமிர்தம் அக்கா எழுந்து ஆட்டைப் பற்றிச் சொல்லிவிட்டது. மரம் எழுந்து ஆடு செத்ததை இவன் கண்ணால் பார்த்தான், தெரிந்துகொண்டே மணவாளனை ஏன் அங்கே படுக்கவிட்டான் என்று கேட்டது. கூட்டமே என் பக்கம் திரும்பியது. எனக்குப் பயம் என்று நினைக்காதீர்கள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். மணவாளன் செத்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

"கொளஞ்சி அண்ணனப் போயி சந்தேகப்படுறீங்களே அக்கா. அவருக்கு ஒரு கோழிய அறுக்கக்கூடக் கை வராது. யாரு மேலயும் கோவப்பட்டு நான் பாத்ததில்ல. தனக்குன்னு ஒண்ணு வேணும்னு வாயத் தொறந்து கேக்கத் தெரியாத ஆளு அவரு. புயலு அடிச்ச தெகப்புல மறந்திருப்பாரு, விடுங்க."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அமிர்தம் அக்காகூடத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. திருநாவுக்கரசு என் தோளில் தட்டிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அவர்களும் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள் என்பதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் அய்யா. மரம் கொல்லவில்லை. மறதியும் இல்லை. மணவாளனைத் தெரிந்தே, யோசித்தே, பட்டப்பகலில் நான்தான் கொன்றேன். ராஜ விசுவாசத்துக்காகச் செய்தேன். வினோதினிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை ஒரு தரம் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

எப்படியும் இதை அவளுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். காறித் துப்புவாள், சாபம் கொடுப்பாள், கொடுக்கட்டும். எனக்கு ஒன்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பினால் போதும். திட்டும்போது அவள் என்னை அண்ணன் என்றாளா, மாமா என்றாளா?